அமெரிக்கா பார்த்திராத அமெரிக்க வண்டி

மதுரை விமான நிலையத்தில் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்ன அதிகாரி, உள்ளே இருந்த அலுமினியப் பெட்டியை எடுத்து இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "என்ன சார் இது?" என்றார். "காரோட கியர்பெட்டிக்கு மூளை" என்றேன். எந்தக் காருக்கு என்றார். கம்பெனி பெயரைச் சொன்னேன். "அவன்தான் கடையைக் கட்டிட்டுப் போயிட்டானே" என்று சிரித்தபடி பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு முழு நாள் விமானத்தில் உட்கார்ந்து வந்த எரிச்சல் வேறு. போயிட்டானே என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள்! போனவன் சும்மாவா போனான், என் அக்காவின் கால்களையும் எடுத்துக்கொண்டு போனான் என்று அந்த மனிதரிடம் கத்தியிருப்பேன். பின்னால் வரிசை நின்றது, விட்டுவிட்டேன்.

அக்கா ஸ்டெல்லாவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கக்கத்தில் கட்டைகளை ஊன்றித்தான் நடப்பாள். வீடு திண்டுக்கல்லில். வேலை மலையடிவாரத்தில் கன்னிவாடியில், நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு கார் வாங்கினாள். சென்னைக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று தொழிற்சாலை வைத்துச் செய்து விற்ற சிவப்பு வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். கோயம்புத்தூரில் ஒருவர் அதில் கைக்கம்பி பொருத்திக் கொடுத்தார். கம்பியை அழுத்தினால் பிரேக், இழுத்தால் வேகம். மற்றவர்கள் காலால் ஓட்டுவதை இவள் கையால் ஓட்டினாள்.

அதுவரை பஸ். கண்டக்டர் ஒரு பக்கம், யாரோ ஒரு ஆள் இன்னொரு பக்கம், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றுவார்கள். கன்னிவாடியில் அதே மாதிரி இறக்குவார்கள், அவளிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கும். கார் வந்த பிறகு அந்தத் தூக்கல் நின்றது. போன ஐப்பசி மழையில் கார் நின்றது, தூக்கல் திரும்ப வந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வண்டி ஓடாவிட்டால் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்லியிருந்தாள். இன்னும் பத்து வருட சர்வீஸ் இருக்கிறது.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில். கார் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட ஊர்கள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். "அமெரிக்கா வண்டி அக்கா, கண்ணை மூடிட்டு வாங்கு" என்று அக்காவுக்குச் சொன்னவன் நான்தான். ஆகவே அந்தக் கம்பெனியின் உதிரிபாகக் கடைக்கு நானே போனேன். கவுண்டரில் இருந்த தாடிக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். மறுபடி தட்டினார்.

"இந்தப் பெயரில் நாங்கள் வண்டி விற்றதே இல்லையே. இது எந்த நாட்டு வண்டி?" என்றார் ஆங்கிலத்தில்.

"உங்கள் நாட்டு வண்டிதான் ஐயா" என்றேன்.

அவர் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். இந்தியாவில் செய்தது, அங்கேயே விற்றது, கப்பலேற்றி வேறு நாடுகளுக்கும் அனுப்பினார்கள் என்று விளக்கினேன். "அப்படியானால் இந்தியாவில்தான் கேட்க வேண்டும்" என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கடைசியில் இணையத்தில் துழாவி, அதே கியர்பெட்டி போட்ட வேறொரு அமெரிக்க மாடலின் மூளையை வாங்கினேன். விற்றவன் சத்தியம் செய்யாத குறையாகப் பொருந்தும் என்றான். அதைத்தான் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா கட்டைகளை ஊன்றி வாசல்வரை வந்தாள். "வாடா அப்பு. கொண்டு வந்துட்டியா?" என்றாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டியைக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "இம்புட்டுக்காண்டு சாமானா என்னய ஏழு மாசமா முடக்கிப் போட்டுச்சு?" என்றாள். அதைச் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்தாள். "வெஞ்சனம் ஒண்ணும் பெருசா பண்ணல, கருவாட்டுக் குழம்பும் மாங்காயுந்தான்" என்று சொல்லிக்கொண்டே எனக்கு மூன்று தடவை சோறு போட்டாள்.

வெளியே தார்ப்பாய்க்குக் கீழே வண்டி நின்றது. நான்கு டயரிலும் காற்று இறங்கியிருந்தது. கண்ணாடியில் அணில் எச்சம். வாங்கிய அன்றைக்குப் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்த வண்டி, சீந்துவாரற்றுக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிப்போனார், திரும்பும்வரை "எனக்கென்ன சிரமம்" என்று ஐந்து தடவை சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்தால் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சித்தப்பா ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற வாத்தியார், ஊரில் எல்லாருக்கும் புத்தி சொல்ல வேண்டிய பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டவர். "அமெரிக்கா வண்டிக்குச் சாமான் அமெரிக்காவுல இருந்துதான் வரணும்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்றார். சுற்றி நின்ற எல்லாரும் தலையை ஆட்டினார்கள். திண்டுக்கல்லில் அத்தனை பேருக்கும் அதே நம்பிக்கைதான். பழனி பஞ்சாமிர்தம் பழனியில்தானே கிடைக்கும் என்கிற கணக்கு. அந்தத் தாடிக்காரர் முழித்த முழியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கள் காலையில் சிக்கந்தர் பாய் வந்தார். பேகம்பூர் பக்கம் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக். அக்காவின் வண்டியை முதல் நாளிலிருந்து பார்ப்பவர். அமெரிக்காவில் மெக்கானிக்கிடம் போக இரண்டு வாரத்துக்கு முன்னால் நேரம் வாங்க வேண்டும், வண்டியைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டும். பாய் எங்கள் வாசலிலேயே கோணியை விரித்துப் படுத்து வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் கொண்டு வந்த மூளை அச்சு அசலாகப் பொருந்தியது. ஆணித்துளைகூட மாறவில்லை. அக்கா வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் உறுமியது. அக்கா கியரைப் போட்டுக் கம்பியை இழுத்தாள். வண்டி அசையவில்லை. திரையில் ஒரு ஸ்பானர் படம் மினுக்கியது. பாய் தன் ஸ்கேனரைச் செருகி என்னென்னமோ செய்தார். பதினொரு மணி வெயில் பிடரியில் அறைந்தது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து நின்று கையைத் துடைத்தார்.

"தம்பி, உடம்பு ஒண்ணுதான், உள்ள எழுதியிருக்கது வேற. வண்டி இதை யாருன்னு கேக்குது. அறிமுகம் பண்ணிவைக்கக் கம்பெனி கம்ப்யூட்டர் வேணும். அது நம்மகிட்ட இல்ல."

"கம்பெனி சர்வீஸ் சென்டர்?"

"திண்டுக்கல்லுல இருந்தது இப்ப சோபா கடை. மதுரையில ஒண்ணு இருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா டீச்சருக்கு ஆசை காட்டாதீங்க."

அக்கா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாய் வீட்டிலிருந்து சீரகச் சம்பா பிரியாணி வந்தது. மணம் தெருவைத் தூக்கியது. அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டாள். நான் முழுத் தட்டையும் காலி செய்தேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

செவ்வாய்க்கிழமை மதுரை. குளிர்சாதனம் போட்ட கூடம், யாருமில்லாத நாற்காலிகள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் நான் நீட்டிய மூளையின் எண்ணைத் தட்டிப் பார்த்தான். "சார், இந்த நம்பர் இந்தியா லிஸ்ட்லயே இல்ல. இதுக்கு நாங்க புரோகிராம் ஏத்த முடியாது" என்றான். சரி, இந்திய நம்பரில் ஒன்று கொடு என்றேன். "அது ஸ்டாக் இல்ல சார். எப்ப வரும்னும் தெரியாது." பிறகு, உதவி செய்கிற நல்ல மனதோடு, "சார் அமெரிக்காவுலதான இருக்கீங்க? அங்கயே கேட்டுப் பாக்கலாமே" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடி மேஜையை உடைத்திருப்பேன். வெளியே வந்து, புங்க மரத்தடியில் நின்றுகொண்டு, அமெரிக்காவில் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டேன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். ஒரு பெண் வந்தாள். வண்டி விற்கப்பட்ட நாட்டில் உள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று கனிவாகச் சொன்னாள். நான் அந்த சென்டரின் வாசலில்தான் அம்மா நிற்கிறேன் என்றேன். மிக்க மகிழ்ச்சி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.

என்ன அநியாயம் இது! வண்டியின் தகடு இந்த நாட்டில் அடித்தது. பாகங்களைப் பூட்டியவன் செங்கல்பட்டுக்காரன். முன்னால் ஒட்டிய சின்னம் ஒன்றுதான் அவனுடையது. அந்தச் சின்னத்துக்காகத்தான் வேறு எதையும் யோசிக்காமல் நாம் அதை வாங்கினோம். விற்கும்போது அமெரிக்க வண்டி, பழுதாகும்போது இந்திய வண்டி. இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் இங்கே. அந்த நாட்டு ரோட்டில் ஒரு நாள்கூட ஓடாத வண்டிக்கு நான் அந்த நாட்டிலிருந்து சாமான் சுமந்து வந்திருக்கிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மல்லிகைப்பூ வியாபாரி, "ஏன் சார் தனியாப் பேசிட்டு வாரீங்க, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். செத்த நேரம் கழித்து அவர் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை பாயும் நானும் ஒட்டன்சத்திரம் போனோம். அங்கே நெடுஞ்சாலையோரம் பெரிய காயலான் கடை, உடைந்த கார்களைப் பிரித்து விற்கிற இடம். பாயின் வேன் முப்பது வருடப் பழசு. ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் நின்றுவிட்டது. பாய் இறங்கி, ரோட்டோரம் சைக்கிள் கடை மாதிரி இருந்த ஒன்றில் ஏதோ கேட்டார். அந்தச் சாமான் அங்கே இருந்தது! கால் மணி நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது. எனக்கு அந்த வேனைப் பார்க்கவே பொறாமையாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் கத்தரிக்காய் மூட்டையோடு இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்த வேனுக்கு வயசாயிருச்சு, ஆனா நம்ம வீட்டு ஆம்பளைங்கள விட நல்லா வேலை செய்யுது" என்றார்களாம், பாய்தான் சொல்லிச் சிரித்தார்.

காயலான் கடைக்காரர் தக்காளிப் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க பாய், உங்களுக்கு நான் கார்த்திகையிலயே போன் பண்ணுனனுங்களே? இதே வண்டிதானுங்க, பின்னால அடிபட்டு வந்துச்சு, முன்னால ஒரு கீறல் இல்லீங்க. முழுசா எடுத்துக்குங்கன்னு சொன்னனுங்க. ஒரு மாசம் பாத்துட்டு நசுக்கி லோடு ஏத்தி விட்டுட்டனுங்க."

நான் பாயைப் பார்த்தேன். பாய் தரையைப் பார்த்தார். "டீச்சர்கிட்ட அன்னைக்கே சொன்னேன் தம்பி. வேணாம்னுட்டாங்க" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தேன். வீடு தேடி வந்த வண்டியை வேண்டாம் என்று சொல்ல உனக்குப் பைத்தியமா பிடித்திருந்தது? ஏழு மாதம் இப்படி அவஸ்தைப்பட்டது யாரால்? அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். "கத்தி முடிச்சுட்டியா? பாய் வேற ஒரு வழி சொல்றாரு, அதைக் கேளு" என்றாள்.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எது கெட்டது என்று சந்தேகம் வந்தால், அதே மாதிரி ஓடுகிற இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்து கழற்றி இதில் போட்டுப் பார்ப்பார்கள். "மாத்திப் போட்டுப் பாத்துருவோம்" என்பார்கள். அமெரிக்காவில் கேட்டால் வழக்குப் போடுவான். இங்கே அடுத்த வண்டிக்காரர் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். மூளைதான் கெட்டதா, இல்லை கியர்பெட்டியே போய்விட்டதா என்று உறுதியாகத் தெரிந்தால்தான் மேற்கொண்டு தேடலாம். பாலசமுத்திரத்தில் அதே வண்டி ஒன்று ஓடுவதாகப் பாய் கண்டுபிடித்திருந்தார். பொன்னுசாமி என்று தென்னந்தோப்புக்காரர். தோப்பைவிட்டு வண்டி வெளியே போகக் கூடாது, என் கண் முன்னால் கழற்றுங்கள், என் கண் முன்னால் திரும்பப் போடுங்கள் என்று நிபந்தனை.

வெள்ளிக்கிழமை அக்காவின் வண்டியை ஒரு தட்டு லாரியில் ஏற்றிக் கட்டினோம். பழனி ரோட்டில் லாரிமேல் சவாரியாக அது எங்களுக்கு முன்னால் போனது. நாங்கள் பாயின் வேனில். அக்கா ஜன்னல் ஓரம். கன்னிவாடிக்குத் திரும்புகிற பிரிவு வந்தபோது அவள் வேறு பக்கம் பார்த்தாள். மழையில்லாத கோடை, சோளத்தட்டை வெட்டிய காடுகள் வறண்டு கிடந்தன. பழனி தாண்டிப் பாலசமுத்திரம் போனதும் பச்சை வந்தது.

பொன்னுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டிலேயே நின்றார். அக்கா வேனிலிருந்து இறங்கச் சிரமப்படுவதைப் பார்த்து ஓடி வந்தார், ஆனால் தொடவில்லை. "டீச்சருங்க, நான் புடிக்கட்டுங்களா, இல்ல தள்ளி நிக்கட்டுங்களா?" என்றார். "தள்ளி நில்லுங்க, நானே இறங்கிருவேன்" என்றாள் அக்கா. அவர் தள்ளி நின்றார். இளநீர் வெட்டி வந்தது, அவர் மனைவி வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வந்தது. அந்த அம்மாவுக்கு இடுப்பு வலி, கிளட்ச் மிதிக்க ஆகாது, அதனால்தான் இந்த வண்டியாம். வாரம் மூன்று தடவை பழனிக்கு அந்த அம்மாவே ஓட்டிப் போகிறார்.

பாய் இரண்டு வண்டிகளையும் மூக்கோடு மூக்காக நிறுத்தினார். அங்கிருந்து கழற்றி இங்கே மாட்டினார். "ரெண்டும் ஒரே பட்டறையில பொறந்தது, உள்ள எழுத்தும் ஒண்ணு, ஸ்கேனர்ல ரெண்டு தடவ பழக்குனா ஒத்துக்கிரும், இன்ஷா அல்லா" என்றார். அக்கா ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். கம்பியை இழுத்தாள்.

வண்டி நகர்ந்தது.

"ஏலே, ஓடுதுடா!" என்று கத்தினாள். ஐம்பதை எட்டப்போகிற கணக்கு டீச்சர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தென்னை வரிசைகளுக்கு நடுவில் ஒரு சுற்று வந்தாள். இரண்டாவது சுற்றில் கேட் வழியாக வெளியே போய் ரோட்டில் திரும்பிவிட்டாள். பொன்னுசாமி எழுந்து நின்றார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. "ஏனுங் தம்பி, அக்கா வந்துருவாங்கல்லீங்க?" என்றார். அவருடைய வண்டி மூளையில்லாமல் மரத்தடியில் வாயைப் பிளந்து நின்றது.

அந்த இருபது நிமிடத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாயைத் தனியே அழைத்துப் போய், இதையே அக்கா வண்டியில் விட்டுவிடுங்கள், அமெரிக்க மூளையை அவர் வண்டியில் மாட்டிவிட்டு, ஏதோ கோளாறு, பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு இடுப்பு வலின்னு இப்பத்தான தம்பி கச்சாயம் தின்னுக்கிட்டே கேட்டீங்க?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா திரும்பி வந்தாள். வண்டியை அதே இடத்தில் மூக்கோடு மூக்காக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். சாவியைப் பாயிடம் நீட்டி, "கழட்டிருங்க பாய். மூளைதான் போச்சுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல" என்றாள்.

பொன்னுசாமி அக்காவின் பக்கம் வந்தார். "டீச்சருங்க, நான் வேணும்னா வண்டியவே உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான், கொடுங்கள், இப்போதே எடுத்துக்கொள்கிறோம் என்று பாய்ந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"வேண்டாங்கய்யா. உங்க வீட்டு அக்காவை நிறுத்திட்டு நான் ஓட்டணுமா? இன்னும் ரெண்டு வருசத்துல அதுவும் நிக்கும். மறுபடி நான் யாரைக் கேட்டு உக்காந்திருக்கது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒட்டன்சத்திரத்தில் கிடைத்ததையும் வேண்டாம் என்றாய், இதையும் வேண்டாம் என்கிறாய், அப்படியானால் நான் எதற்கு உலகத்தைச் சுற்றி வந்தேன் என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அந்தக் கம்பெனியைத் திட்டினேன். மதுரைப் பையனைத் திட்டினேன். போனில் பேசிய பெண்ணைத் திட்டினேன். நம்பி வாங்கினவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடிய பயல்கள் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒட்டன்சத்திரத்து வண்டியைப் பத்திப் பாய் சொன்ன அன்னைக்கே உனக்குப் போன் பண்ணுனேன். வாங்கட்டுமாடான்னு கேட்டேன். நீ கடையில என்னமோ வாங்கிக்கிட்டு இருந்த. பழைய சாமான் எதுக்குக்கா, மே மாசம் வரும்போது நான் புதுசே கொண்டு வாரேன்னு சொன்ன. மாசாமாசம் கேட்டேன். கொண்டு வாரேன், கொண்டு வாரேன்னு சொன்ன. தேடிப் பாத்தியாடா நீ?"

அந்தத் தாடிக்காரரின் கடைக்கு நான் போனது விமானம் ஏறுவதற்குப் பத்து நாளைக்கு முன்னால்தான். கார்த்திகையில் அவள் கேட்டபோது நான் பாலாடைக்கட்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது. அந்த வண்டிக்கு அமெரிக்காவில் சாமான் கிடைக்குமா என்று ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"கம்பெனிக்காரனை இம்புட்டுத் திட்டுறியே" என்றாள் அக்கா. "அவனாச்சும் போறேன்னு சொல்லிட்டுப் போனான். பேப்பர்ல போட்டான், டிவியில சொன்னான். அவனை நம்பி நான் ஒரு நாள்கூட உக்காரலடா. நீ வாரேன் வாரேன்னு சொன்ன. உன்னை நம்பி ஏழு மாசம் உக்காந்துட்டேன்."

பொன்னுசாமி தோப்புக்குள் எதையோ பார்க்கிறவர் போல நடந்து போய்விட்டார். பாய் குனிந்து ஆணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த அம்மாவின் வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. எங்கள் வண்டி மறுபடி லாரியில் ஏறியது.

திரும்பும் வழியில்தான் அக்கா மீதியைச் சொன்னாள். கைக்கம்பியைக் கழற்றி வேறொரு வண்டியில் மாட்ட முடியுமா என்று கோயம்புத்தூர்க்காரரிடம் திங்கள் சாயங்காலமே கேட்டுவிட்டாளாம், ஸ்பானர் படம் மினுக்கிய அன்றே. வேறு கம்பெனி வண்டி ஒன்று, தெருவுக்குத் தெரு ஓடுகிறது, மூலைக்கு மூலை சாமான் கிடைக்கிறது. பாயையே பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடி பதிய வேண்டும், மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், நாலைந்து மாதம் ஆகும். வேலையை விடவில்லை என்றாள். பிறகு எதற்கு இன்றைக்கு இத்தனை தூரம் வந்தாய் என்று கேட்டேன். "ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்போல இருந்துச்சு" என்றாள்.

நான் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். திங்கட்கிழமை பள்ளி திறந்தது. காலை ஏழே முக்காலுக்குத் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் கன்னிவாடி பஸ் வந்து நின்றது. அக்கா கட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தாள். நான் கட்டைகளை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளைத் தூக்க இன்னொரு கையை நீட்டினேன்.

"நீ வேண்டாம்டா" என்றாள். "கண்டக்டர் வரட்டும். அவருக்குப் பழக்கம்."